அடித்த வரி

திங்கட்கிழமை காலை அடித்தளத்தில் ஹீட்டிங் நின்றிருந்தது. வெளியே மைனஸ் முப்பத்தொன்று. ஆய்வகச் சுவரில் இருந்த வெப்பமானி பதிமூன்று காட்டியது. மார்னி கோட்டைக் கழற்றவில்லை. கைக்கடிகாரத்தை மட்டும் கழற்றி வாசலில் இருந்த பீங்கான் கிண்ணத்தில் போட்டாள். லேசர் அறைக்குள் பளபளப்பான எதுவும் கையில் இருக்கக் கூடாது. ஒளி அதில் பட்டுத் தெறித்தால் யார் கண்ணில் போய் விழும் என்று சொல்ல முடியாது. ஐந்து வருடப் பழக்கம். இன்று லேசரே எரியவில்லை என்பது கடிகாரத்தைப் போட்ட பிறகுதான் நினைவுக்கு வந்தது.

லேசருக்கு இருபத்தொரு டிகிரி வேண்டும். அரை டிகிரி ஏறி இறங்கினாலே மேசை மேல் இருக்கும் நாற்பது மிரர்களில் ஏதாவது ஒன்று தன் இடத்தை மறந்துவிடும். பழுது பார்ப்பவர்கள் நாளைக்குத்தான் வருவார்கள் என்று கதவில் காகிதம் ஒட்டியிருந்தது. அவள் இழுப்பறையைத் திறந்து படலங்களை எடுத்துப் பார்த்தாள். குளிரில் வெடித்திருக்கலாம் என்ற பயம். கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிய கண்ணாடிச் சில்லுகள். ஒவ்வொன்றின் மேலும் சிவப்பு ஒயின் நிறத்தில் சாயம் படிந்திருந்தது. அந்தச் சாயப் படலங்களை மட்டும் ஆயிரம் அடுக்கினாலும் ஒரு தாளின் கனம்கூட வராது. வெற்றிடத்தில் ஆவியாக்கி, மூச்சு விடாத கவனத்துடன் படியவைத்தவை. வெடிப்பு எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. கண்ணை நம்பாமல், மூலையில் இருந்த பெட்டியில் ஒரு படலத்தை வைத்து அளந்தாள். சாதாரண விளக்கொளியில் எந்த நிறத்தைப் படலம் எவ்வளவு விழுங்குகிறது என்று வரைந்து காட்டும் பெட்டி. பள்ளிக்கூடத்தில்கூட இருக்கும்.

கோடு வந்தது. செப்டம்பரில் இதே படலத்துக்கு எடுத்த கோட்டை அதன் மேல் போட்டாள். இரண்டும் ஒன்றுதான். சிவப்புப் பக்க ஓரம் மட்டும் மயிரிழை விலகியிருந்தது. செப்டம்பர் கோட்டிலிருந்து இன்றையதைக் கழித்தாள். கழிப்பதற்குக் காரணம் எதுவும் இல்லை. விரல்கள் விறைத்திருந்தன. ஏதாவது ஒரு பொத்தானை அழுத்த வேண்டியிருந்தது.

ஒரு சின்னப் பள்ளம். உடனே ஒரு மேடு. பிறகு நீளமான வால்.

அவள் எழுந்து கதவருகே போனாள். கதவின் உட்புறத்தில் பிளாஸ்டிக் உறையிட்ட ஒரு வரைபடம் ஒட்டியிருந்தது. பழைய மாணவி ஐலீன் மெக்கீ எட்டு வருடத்துக்கு முன் இந்த அறையில் எடுத்தது. அதே பள்ளம், அதே மேடு, அதே வால். பெரிய பத்திரிகையில் வந்தது. இந்தக் குழுவைப் பற்றி யாராவது பேசினால் இந்தப் படத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். மார்னி திரும்பி வந்து திரையைப் பார்த்தாள். மறுபடி கதவுக்குப் போனாள். மூன்று முறை நடந்தாள். நடுவில் லேசர் மேசை கறுப்புத் திரைக்குப் பின்னால் அணைந்து கிடந்தது.

மேசையின் வேலை எளிமையானது. முதல் ஒளித்துடிப்பு படலத்தை எழுப்பும். இரண்டாவது துடிப்பு சற்றுத் தாமதித்து வந்து, எழுந்தது என்ன செய்துகொண்டிருக்கிறது என்று பார்க்கும். தாமதத்தைக் கொடுப்பது ஒரு தண்டவாளத்தின் மேல் நகரும் மிரர். அதைத் தலைமுடியின் பருமன் அளவு பின்னால் தள்ளினால், ஒரு நொடியை லட்சம் கோடித் துண்டாக்கியதில் அரைத் துண்டு தாமதம். தண்டவாளம் முப்பது சென்டிமீட்டர். அதற்குள் எல்லாம் நடந்து முடிந்துவிடும். முடியாமல் எஞ்சி நின்றது அந்தப் பள்ளமும் மேடும். தண்டவாளத்தின் கடைசிவரை போனாலும் அது அழியவில்லை. சாயத்துக்குள் ஒளி எழுப்பிய ஒரு கிளர்ச்சி இரண்டாகப் பிரிந்துவிட்டது, பிரிந்த இரண்டும் நெடுநேரம் வாழ்கின்றன, இது அவற்றின் முகம் என்று ஐலீன் எழுதினாள். ஒன்று கொடுத்தால் இரண்டு. சூரியத் தகடு செய்பவர்களுக்கு அதைவிட வேறென்ன வேண்டும். மார்னியின் ஆய்வேட்டில் மூன்றாவது, நான்காவது அத்தியாயங்கள் அந்த இரண்டைப் பற்றியவை. அவை எப்படி நகர்கின்றன, எங்கே சாகின்றன. நூற்றிருபது பக்கம்.

ஆய்வேடு போன வாரம் வெளிப் பரீட்சகருக்குப் போய்விட்டது. வாய்மொழித் தேர்வுக்குப் பத்தொன்பது நாள் இருந்தது. தள்ளிவைக்க வேண்டுமென்றால் இந்த வெள்ளிக்கிழமைக்குள் படிவம் கொடுக்க வேண்டும். டாஃபின் ஊரிலிருந்து அப்பா நான்கு மணி நேரம் வண்டி ஓட்டிக்கொண்டு வருவதாக இருந்தது. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர் அந்த ஒரு நாளுக்கு வேறு ஆள் பிடித்துவைத்திருந்தார். அம்மா முட்டைக்கோஸில் சோறு பொதிந்து அறுபது உருண்டைகள் செய்து உறையவைத்துவிட்டதாகச் சொல்லியிருந்தாள்.

திரையில் பள்ளமும் மேடும் இருந்தன. லேசர் எரியவில்லை. எழுப்பியவர் யாருமில்லை. எழாத ஒன்று எப்படி இரண்டாகப் பிரியும்?

பென்வா ஒன்பதரைக்கு வந்தான். பென்வா ஆர்சனோ. முனைவர் பட்டம் முடித்து, அடுத்த வேலை கிடைக்கும்வரை இங்கே ஆராய்ச்சி செய்கிறவன். நியூ பிரன்ஸ்விக் கடற்கரைக்காரன். வின்னிப்பெக் குளிரை மூன்று வருடமாகத் தனிப்பட்ட அவமானமாக எடுத்துக்கொண்டிருக்கிறான்.

"என்ன மகாராணி, பனிக்கரடி மாதிரி குந்திக்கிட்டு இருக்க?"

"இங்க வா. இது என்னன்னு சொல்லு."

அவன் காபியை உறிஞ்சியபடி திரையைப் பார்த்தான். "உன் மூணாவது அத்தியாயம். இதுகூடத் தெரியாமலா எனக்குச் சம்பளம் தர்றாங்க?"

"இன்னிக்கு எடுத்தது."

"இன்னிக்கா? லேசர் செத்துக் கிடக்கு."

"ஆமா."

"அப்புறம் எப்படி எடுத்த?"

அவள் மூலையில் இருந்த பெட்டியைக் காட்டினாள். அவன் பெட்டியைப் பார்த்தான். வெப்பமானியைப் பார்த்தான். காபியை எங்கே வைப்பது என்று தெரியாதவன் போலக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தான்.

"செப்டம்பர்ல இந்த ரூம் எவ்வளவு?"

"இருபத்தொண்ணு."

"எட்டு டிகிரி," என்றான். பிறகு பிரெஞ்சில் ஏதோ சொன்னான். அது தேவாலயத்தில் சொல்லக்கூடிய வார்த்தை இல்லை.

அவர்கள் படலத்தைச் சூடேற்றும் பிடியில் பொருத்தினார்கள். இருபது டிகிரியில் ஒரு கோடு. முப்பதில் ஒரு கோடு. கழித்தார்கள். பள்ளம், மேடு, வால். நாற்பதில் எடுத்தார்கள். அதே முகம், இன்னும் பெரிதாக. பென்வா ஐலீனின் பழைய எண்களைக் கொண்டுவந்து மேலே போட்டான். ஒரு கோட்டை மற்றது மறைத்தது. ஓரத்தில் கொஞ்சம் மறைக்கவில்லை. அந்தக் கொஞ்சத்தை இருவரும் நெடுநேரம் பார்த்தார்கள்.

"எட்டு வருஷமா நாம சூட்டையா அளந்துக்கிட்டு இருந்தோம்?" என்றான்.

"முழுசாவா, கொஞ்சமாவா?"

"அதான் கேள்வி."

லேசர் துடிப்பு படலத்தில் விழுகிறது. எழுப்பியது போக மிச்ச ஆற்றல் எங்காவது போக வேண்டும். அது சூடாகிறது. படலம் ஐந்தாறு டிகிரி சூடானால் அதன் நிறம் மயிரிழை விலகும். விலகியதன் முகமும் பிரிந்த இரண்டின் முகமும் ஒரே அச்சு. சூட்டின் பங்கை முழுவதும் கழித்தால் மிஞ்சுவது பூஜ்யம். முக்கால் பங்கு கழித்தால் மிஞ்சுவது ஒரு சின்ன மேடு. எவ்வளவு கழிக்க வேண்டும் என்பது படலம் எவ்வளவு சூடானது என்பதைப் பொறுத்தது. அதற்குப் படலத்தின் கனம் துல்லியமாகத் தெரிய வேண்டும். ஒளிப்புள்ளியின் அகலம் தெரிய வேண்டும். எட்டு வருடமாக அவற்றை யாரும் அந்தத் துல்லியத்தில் அளக்கவில்லை. அளக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. இந்தக் குழு இருபது வருடம் திரவத்தில் கரைத்த சாயங்களைப் பார்த்த குழு. திரவம் ஓடும். சூட்டை எடுத்துக்கொண்டு ஓடிவிடும். ஒவ்வொரு துடிப்புக்கும் புதுத் திரவம். திரவத்திலிருந்து படலத்துக்கு வந்தபோது மேசையைக் கொண்டுவந்தார்கள், கணக்கைக் கொண்டுவந்தார்கள், பழக்கத்தையும் கொண்டுவந்துவிட்டார்கள். படலம் ஓடாது. சூடு அங்கேயே உட்கார்ந்திருக்கும்.

மதியம்வரை மார்னி கழித்துக்கொண்டே இருந்தாள். கால், அரை, முக்கால். ஒவ்வொரு பின்னத்திலும் ஒரு ஆய்வேடு இருந்தது. முக்காலில் இருந்த ஆய்வேட்டை அவள் காப்பாற்ற முடியும். முழுதில் எதுவும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் விரல் நகரும்போது தான் எதைத் தேடுகிறாள் என்பதே அவளுக்குப் புரியவில்லை.

"சூட்டுக்கு வெளிய போக ஒரு வழி கொடு," என்றான் பென்வா. "படலத்துக்கு அடியில இருக்கற கண்ணாடி சூட்டைப் பிடிச்சுவைக்கும். சஃபையர் கல் இழுத்துக்கிட்டுப் போயிடும். ரெண்டா பிரிஞ்சது நிஜம்னா, அதுக்குக் கீழ என்ன இருக்குன்னு கவலையே இல்ல. சஃபையர் மேல வெச்சும் அந்த மேடு நின்னா நீ பிழைச்ச. விழுந்துச்சுன்னா..."

"விழுந்துச்சுன்னா?"

"எங்க ஊர்ல மீன் பதப்படுத்துற இடத்துல ஆள் எடுக்குறாங்க."

"போடா."

"கம்பளிக் கையுறை இலவசம்."

அவள் சிரித்தாள். சிரிப்பு வந்தது அவளுக்கே வியப்பாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை ஹீட்டிங் வந்தது. சஃபையர் சில்லுகள் வாங்க மூன்று வாரம் ஆகும் என்றார்கள். வெள்ளிக்கு இன்னும் மூன்று நாள். மார்னி பழைய பெட்டிகளைக் கிளறினாள். நைட்ரஜன் நிரப்பிய அலமாரியின் கடைசித் தட்டில் ஐலீனின் பெட்டி இருந்தது. உள்ளே ஒரே மார்ச் தேதியிட்ட இரண்டு படலங்கள். ஒரே ஆவியில், ஒரே நாளில் படிந்தவை. மற்றவற்றைவிட மெல்லியவை. ஒன்றின் சீட்டில் கண்ணாடி என்று எழுதியிருந்தது. மற்றதில் சஃபையர். நீலக்கல் என்று பெயர்தான். நீலம் கொஞ்சமும் இல்லை. தண்ணீர் போலத் தெளிந்த கல். விரல் நுனியில் கண்ணாடியைவிடக் குளிர்ந்தது.

இந்தப் பரிசோதனையை யாரோ யோசித்திருக்கிறார்கள். செய்தும் இருக்கிறார்கள்.

ஆய்வக நோட்டுகள் குழுத் தலைவர் வாரனின் பழைய விதிப்படி எழுதப்பட்டவை. பக்கத்தைக் கிழிக்கக் கூடாது. அழிக்கக் கூடாது. தவறான அளவீட்டை ஒற்றைக் கோடு போட்டு அடிக்க வேண்டும், அடியில் இருப்பது படிக்கும்படி. பக்கத்தில் காரணம், கையொப்பம். அவள் அந்த மார்ச் மாத நோட்டைத் தேடி எடுத்தாள். பதினான்காம் தேதி. ஐலீனின் சரிந்த கையெழுத்தில் இரண்டு வரிகள். முதல் வரி, கண்ணாடி. லேசரின் பவர் தொடக்கத்தில் 1.20, முடிவில் 1.19. இரண்டாவது வரி, சஃபையர். 1.20, 1.18. இரண்டாவது வரியின் மேல் அளவுகோல் வைத்து இழுத்ததுபோல ஒரு நேர்க்கோடு. பக்கத்தில் வேறு கையெழுத்து. லேசர் நிலையாக இல்லை. வா. தீ.

வாரன் தீசன். பேராசிரியர். மார்னியின் வழிகாட்டி.

அவள் எண்களை மறுபடி பார்த்தாள். 1.20, 1.18. நல்ல நாளில்கூட லேசர் இந்த அளவுக்காவது ஆடும். அந்த அளவீட்டின் கோப்பு இல்லை. அந்தக் கணினியே இப்போது இல்லை. கோடு மட்டும் இருந்தது.

ஐலீன் ஹாலிஃபாக்ஸில் ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறாள். மார்னி அவளை இரண்டு முறை மாநாட்டில் பார்த்திருக்கிறாள். இரண்டு முறையும் ஐலீன் அவளைக் கட்டிக்கொண்டு, என் மேசையை நல்லா பாத்துக்கறியா என்று கேட்டாள். இப்போது தொலைபேசியில் பின்னணியில் பாத்திரங்கள் உருண்டன.

"சஃபையரா? நான் பண்ணேனா?"

"உன் கையெழுத்துதான்."

"என்ன தேதி?"

"மார்ச் பதினாலு."

"மார்ச்சுல என் பையன் ஓவன் வயித்துல இருந்தான். ஏழு மாசம். அந்த மேசைக்கிட்ட என்னால குனியவே முடியாது. வாரன்தான் வந்து மிரரை எல்லாம் திருப்பிச் சரிபண்ணிக் கொடுப்பாரு." ஒரு குழந்தை டோஸ்ட் கேட்டது. "இருடா, அம்மா பேசறேன்ல. மார்னி, அதை ஏன் அடிச்சிருக்கோம்?"

"லேசர் ஆடுச்சுன்னு போட்டிருக்கு."

"அப்ப ஆடியிருக்கும்."

"பவர் ஆடலை ஐலீன். எண் இருக்கு."

டோஸ்டரின் பிடி இறங்கும் சத்தம் கேட்டது. "எனக்கு ஞாபகம் இல்லடி. சத்தியமா. அது சரியா வரலன்னு யாரோ சொன்ன மாதிரி இருக்கு. நான் சொன்னேனா, அவர் சொன்னாரா... சரியா வரலைன்னா அன்னிக்கு என்ன அர்த்தம்னு இப்ப எனக்குத் தெரியல."

"சரி."

"நீ எதுக்கு இதை எங்கிட்ட சொல்ற? திட்டறதுக்கா, எச்சரிக்கிறதுக்கா?"

"தெரியல."

"அந்தப் பேப்பர்லதான் எனக்கு வேலை கிடைச்சுது."

"தெரியும்."

"நான் பொய் சொல்லல மார்னி."

"தெரியும்," என்றாள் மார்னி. போனை வைத்த பிறகு, தனக்கு அது தெரியுமா என்று யோசித்தாள். பொய் சொன்னவள் குரல் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. மறந்தவள் குரலும் அப்படித்தான் இருக்குமோ என்னவோ.

புதன்கிழமை முழுவதும் அவள் லேசரைச் சரிசெய்தாள். குளிரில் இடம் மறந்த மிரர்களை ஒவ்வொன்றாகத் திருப்பி, இரண்டு ஒளிப்புள்ளிகளையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்தாள். இரண்டு படலங்களையும் மூலைப் பெட்டியில் வைத்துப் பார்த்தாள். எட்டு வருடம் இருட்டில் இருந்தும் நிறம் மாறவில்லை. படிவத்தைப் பதிவிறக்கி அச்செடுத்தாள். அதில் இரண்டு கையெழுத்துக்கு இடம் இருந்தது. மாணவர், வழிகாட்டி. தள்ளிவைப்பதற்கான காரணம் என்று மூன்று வரி காலியாக இருந்தது. பேனாவை எடுத்து, சூடு என்று எழுதலாமா என்று நினைத்தாள். வைத்துவிட்டாள்.

வியாழன் காலை வாரனின் அறைக்குப் போனாள். நான்காவது மாடி. ஜன்னலுக்கு வெளியே எல்லாம் வெள்ளையாக இருந்தது. வாரனுக்கு அறுபத்தாறு. நீளமான ஆள். தெற்கு மானிடோபா பண்ணையில் வளர்ந்தவர். எதையும் சொல்வதற்கு முன் நிலத்தைப் பார்ப்பதுபோல மேசையைப் பார்ப்பார்.

"உக்காரு மார்னி. பிளாட்ஸ் எடுத்துக்க. எல்ஃப்ரீடா நேத்து சுட்டது."

தகர டப்பாவில் அவர் மனைவி சுட்ட, பிளம் பழம் பதித்த கேக் துண்டுகள். அவள் ஒன்றை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். மற்ற கையால் தாள்களை நகர்த்தினாள். சூடேற்றி எடுத்த கோடு. ஐலீனின் கோடு. ஒன்றின் மேல் ஒன்று. அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் தாளை மூக்கருகே கொண்டுபோனார். ஒரு அளவுகோலை எடுத்து மேட்டின் உச்சியில் வைத்தார். தாளைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தார்.

"திரவத்துல இது வராது," என்றார்.

"படலம் திரவம் இல்ல வாரன்."

"ஆமா." அளவுகோலைக் கீழே வைத்தார். "அது எனக்குத் தெரிஞ்சிருக்கணும்."

அவள் தாளை வாங்கிக்கொண்டாள்.

"ஆய்வேடு போயிடுச்சில்ல?"

"போன வாரமே."

"மாண்ட்ரியால்காரர்தானே பரீட்சகர். அவர் இதைக் கேக்கமாட்டார். அவரும் திரவத்துல வளந்தவர்தான்." சொல்லிவிட்டு நிறுத்தினார். ஜன்னலைப் பார்த்தார். "இதை உனக்கு ஆறுதலா சொன்னேனா, வேற எதுக்காவது சொன்னேனான்னு எனக்கே தெரியல. சொல்லாததா வெச்சுக்க."

அவள் நோட்டைத் திறந்து, பக்கத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். அவர் இரண்டு வரிகளையும் படித்தார். அடித்த வரியின் மேல் விரலை வைத்து இடமிருந்து வலம் நகர்த்தினார். எண்களில் விரல் நின்றது. பிறகு தன் பெயரெழுத்துகளுக்கு வந்தது.

"என் எழுத்து."

"ஆமா."

"ஞாபகம் இல்ல." கண்ணை மூடி யோசித்தார். உண்மையாகவே தேடுகிறார் என்று பட்டது. எட்டு வருடத்துக்கு முந்தைய ஒரு பிற்பகல். வயிற்றைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் ஒரு மாணவி. திரையில் ஏதோ ஒன்று விழுந்துகொண்டிருக்கிறது. "காரணம் இல்லாம நான் அடிக்கமாட்டேன்," என்றார். சற்றுக் கழித்து, "அப்படித்தான் நினைக்கிறேன்," என்றார்.

மார்னியின் கையில் பிளம் துண்டு பிசுபிசுத்தது. அதை வைக்க இடம் தெரியாமல் வாயில் போட்டுக்கொண்டாள். இனிப்பும் புளிப்புமாக இருந்தது. கோபப்பட வேண்டிய நேரத்தில் மெல்லுவது எப்படி என்று தெரியவில்லை.

"நீ என்ன பண்ணப்போற?" என்று கேட்டார்.

"உங்களைக் கேக்கலாம்னு வந்தேன். நாளைக்குள்ள சொல்லணும்."

"தள்ளிவைன்னு சொன்னா உன் அஞ்சு வருஷத்துல நான் கை வைக்கிறேன். தள்ளிவைக்காதன்னு சொன்னா என் பேப்பரைக் காப்பாத்துறேன். நான் எதைச் சொன்னாலும் நீ நம்பக் கூடாது." நாற்காலியிலிருந்து எழுந்தார். முழங்கால் சத்தம் கேட்டது. "லேசர் எரியுதா?"

"எரியுது."

"சரி, கீழ போலாம்."

அவர் ஆய்வகத்துக்குள் வந்து வருடங்கள் ஆகியிருந்தன. பென்வா எழுந்து நின்றான். பிறகு எதற்கு நின்றோம் என்று தெரியாமல் உட்கார்ந்தான். வாரன் வாசலில் கடிகாரத்தைக் கழற்றிக் கிண்ணத்தில் போட்டார். மோதிரத்தைக் கழற்றப் பார்த்தார். வரவில்லை. விரல் கணு பருத்திருந்தது.

"சோப்பு போடுங்க," என்றான் பென்வா.

"இதை இந்த வாசல்ல மட்டும்தான் கழட்டியிருக்கேன். வேற எங்கயும் கிடையாது. எல்ஃப்ரீடாகிட்ட சொல்லிடாத."

"எல்ஃப்ரீடாவுக்குத் தெரியும். லேசர்தான் உங்க சின்ன வீடுன்னு கிறிஸ்துமஸ் விருந்துல எல்லார்கிட்டயும் சொன்னாங்க."

குழாயடியில் நின்று சோப்பு நுரையோடு திருகினார். மூவரும் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மோதிரம் கணுவைத் தாண்டியது. அது இருந்த இடத்தில் தோல் வெளுத்து, நசுங்கிக் கிடந்தது. மோதிரம் கிண்ணத்தில் விழுந்து ஒருமுறை சுற்றி நின்றது.

முதலில் கண்ணாடிப் படலம். மேசையைச் சுற்றிக் கறுப்புத் திரையை இழுத்து மூடினார்கள். பாதுகாப்புக் கண்ணாடிக்குள் உலகம் மஞ்சளாக இருந்தது. தண்டவாளம் நகரும் மெல்லிய முனகல். புள்ளிகள் ஒவ்வொன்றாகக் கணினித் திரையில் விழுந்தன. ஏறின, இறங்கின, ஒரு உயரத்தில் நின்றன. தண்டவாளத்தின் முடிவுவரை கிட்டத்தட்ட அதே உயரம். எட்டு வருடமாக எல்லாரும் பார்த்த உயரம். நாற்பது நிமிடம் ஆனது. மார்னி பவரைப் படித்தாள். 1.21, 1.20. எழுதினாள்.

பிறகு சஃபையர். அவளே பிடியில் பொருத்தினாள். கல்லின் ஓரம் விரலைச் சுட்டதுபோலக் குளிர்ந்தது. வாரன் நாற்காலியைத் திரைக்கருகே இழுத்துப் போட்டுக்கொண்டு குனிந்து உட்கார்ந்தார். முதல் புள்ளிகள் முன்பு போலவே ஏறி இறங்கின. நின்றன. அவள் மூச்சு விட்டாள். அப்புறம் ஒரு புள்ளி கொஞ்சம் கீழே விழுந்தது. அடுத்தது மேலே. அதற்கடுத்தது இரண்டுக்கும் கீழே. படலம் மெல்லியது, இரைச்சல் அதிகம். ஒவ்வொரு புள்ளியும் தனியாகப் பார்த்தால் எதையும் சொல்லவில்லை. சேர்த்துப் பார்த்தால் இறங்குவதுபோல இருந்தது. எவ்வளவு இறங்குகிறது என்று தெரியவில்லை. பூஜ்யத்தைத் தொடப்போகிறதா, பாதியில் நின்றுவிடுமா? பாதியில் நின்றால் பாதி உண்மையா? அவள் புள்ளிகளைத் தன் கண்ணால் மேலே தள்ளுவதை உணர்ந்தாள். வெட்கமாக இருந்தது. பிறகு கீழே தள்ளிப் பார்த்தாள். அதுவும் முடிந்தது. தண்டவாளம் பாதி தூரம் போயிருந்தது. பென்வா நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். ஒரு புள்ளி விழுந்தது. இன்னொன்று.

"லேசர் ஆடுதோ?" என்றார் வாரன்.

இயல்பாகக் கேட்டார். எந்த ஆய்வகத்திலும், எந்தப் பேராசிரியரும், ஒரு கோடு எதிர்பாராமல் இறங்கினால் முதலில் கேட்கும் கேள்வி. மார்னியே ஆயிரம் முறை கேட்டிருக்கிறாள். வாரன் திரையிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை. ஆனால் அவர் தோள் அசையாமல் இறுகுவதை அவள் பார்த்தாள்.

அவள் எழுந்து பவர் மீட்டரைப் பார்த்தாள். எண் அசையவில்லை. பத்து வரை எண்ணினாள். அசையவில்லை. ஒரு கணம் அது அசைந்தால் நன்றாயிருக்கும் என்று தோன்றியது. அப்பாவின் பேருந்து, அறுபது உருண்டைகள், நூற்றிருபது பக்கம் எல்லாம் அந்தக் கடைசி இலக்கத்தில் தொங்கிக்கொண்டிருப்பதுபோல இருந்தது.

"இல்ல," என்றாள். "ஆடலை."

நோட்டை எடுத்தாள். புது நோட்டு, தையல் இறுகியிருந்தது. பக்கம் நிற்காமல் மூடிக்கொள்ளப் பார்த்தது. அடியில் மடித்துவைத்திருந்த படிவம் கொஞ்சம் நழுவி வெளியே தெரிந்தது. ஒரு கையால் நோட்டைப் பிடித்தால் மறு கையால் பேனா மூடியைக் கழற்ற முடியவில்லை. வாரன் அதைப் பார்த்தார். கையை நீட்டினார். அவர் பேனாவை வாங்கப்போகிறாரோ என்று அவள் ஒரு நொடி கையைப் பின்னால் இழுத்தாள். அவர் உள்ளங்கையை விரித்துப் பக்கத்தின் மேல் வைத்து, அது மூடாதபடி அழுத்திக்கொண்டார். மஞ்சள் வெளிச்சத்தில் அந்த விரலில் இருந்த வெளுத்த வளையம் நன்றாகத் தெரிந்தது.

அவள் அவர் கைக்குப் பக்கத்தில் எழுதத் தொடங்கினாள். சஃபையர். 1.20. தண்டவாளம் முனகிக்கொண்டே போனது. திரையில் அடுத்த புள்ளி இன்னும் விழவில்லை.